தறிக்குழியின் மேல் நின்ற கார்

அம்மா,

இன்று கணக்கு வகுப்பில் காம்பஸ் எடுக்க ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். மடித்து வைத்திருந்த உப்புத்தாள் கையில் வந்தது. அதன் சொரசொரப்பில் பச்சைத் தூள் அப்பியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. பக்கத்தில் இருந்தவள், "இன்னாடி மோந்துக்கினு இருக்கே?" என்றாள். ஒன்றுமில்லை என்று மூடிவிட்டேன். அதன்பிறகு மிஸ் நடத்திய எதுவும் மண்டையில் ஏறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இதை எங்கே அனுப்புவது என்று எனக்குத் தெரியாது. ஆனால் நடந்ததை உனக்குச் சொல்லாமல் இருப்பது சரியில்லை. அது உன் கார்.

தாமலுக்கு நாம் மூன்று பேரும் போன ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? சர்ச் முடிந்து அதே துணியோடு பஸ் ஏறினோம். ஏரிக்கரைக்குப் பக்கத்துத் தோப்பில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பழங்காலப் பந்தயக் கார் மாதிரி ஒன்றைத் தானே செய்து வைத்திருந்தார். அவருடைய மருமகளுக்கு நீ கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது அந்தச் செய்தி உன் காதில் விழுந்திருந்தது. ஒரு பழைய சின்னக் காரின் இன்ஜின், இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த சட்டம், அதன்மேல் ஃபைபர் உடல். கூரை இல்லை, கதவு இல்லை, சீட் இரண்டுதான். காகிதமெல்லாம் ஒழுங்காக வைத்திருந்தார். மகனோடு வெளிநாட்டில் போய் இருக்கப் போவதால், வேலை பாதியில் நின்ற வண்டியை யாருக்காவது தள்ளிவிட வேண்டும் அவருக்கு. ஓட்டுகிற சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

அப்பா ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இது காரா? பார்க்குல பசங்க உக்காந்து ஆடுமே, அது மாதிரி இருக்குது."

"நீ சும்மா இருயா," என்றாய். பின்பக்கம் போய் ஒற்றைக் கையால் தள்ளினாய். கார் கோழியோடு நகர்ந்தது. உன் முகம் மலர்ந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "பாருடி! கட்டில நவுத்துற மாதிரி நவுருது!"

கோழி தானாக எழுந்து போகிறவரை காத்திருந்து, பிறகு ஏறி உட்கார்ந்தாய். எப்படி வாங்கினாய் என்று அப்பா கேட்கவே இல்லை. அடுத்த வாரம் உன் கையில் வளையல் இல்லாததைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

ஏன் வாங்கினாய் என்று நான்தான் கேட்டேன். டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் இடது பக்கமும் ஒரு பிரேக் உண்டு. உன் வாழ்க்கை முழுக்க அந்தப் பக்கம்தான் போனது. "எப்பப் பாரு அடுத்தவங்க பயத்துக்கு நான் பிரேக் போட்டுக்கினு இருக்கேன். ஒரு நாளாவது எனக்காக ஓட்டணும்டி. தலைக்கு மேல ஒண்ணும் இருக்கக் கூடாது. காத்து மூஞ்சில அடிக்கணும்," என்றாய். அந்தப் பிரேக் உன்னை விட்டதே இல்லை. பஸ் டிரைவர் வேகமாக வளைத்தால் உன் வலது கால் தரையை அமுக்கும். பாஸ்டர் பிரசங்கத்தை நீட்டினாலும் அமுக்குவாய். எனக்குச் சிரிப்பு வந்து நீ தொடையில் கிள்ளுவாய்.

காரை நிறுத்த நமக்கு இடம் தந்தவர் நாம் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரர்தான். அவர் தறிகளைப் புது வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டதால் பின்கட்டில் பழைய தறிக்கூடம் சும்மா இருந்தது. நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதி மிதிக்கும் குழி மட்டும் தரையில் அப்படியே கிடந்தது. மெக்கானிக் கடைகளில் வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கப் பள்ளம் வைத்திருப்பார்களே, அதுபோல நீ காரைச் சரியாகக் குழியின் மேல் தள்ளிக்கொண்டுவந்து நிறுத்தினாய். வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "எங்க தாத்தா வெட்டுன குழிமா. உன் காருக்குன்னே அளவெடுத்து வெட்டியிருக்காரு போல," என்று சிரித்தார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். நான் மேலே உட்கார்ந்து கார் ரிப்பேர் பற்றிய இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்துத் தமிழில் சொல்வேன். நீ குழிக்குள் உட்கார்ந்து ஸ்பேனரைத் திருப்புவாய். நம் இரண்டு பேருக்குமே ஒன்றும் தெரியாது. ஒருமுறை இண்டிகேட்டரைப் போட்டால் ஹார்ன் அடித்தது. "பரவால்ல. திரும்புறோம்னு நல்லா தெரியும்," என்றாய். ஆவணியில் இன்ஜின் ஓடியது. தறிக்கூடம் முழுக்கப் புகை. நான் குதித்தேன். "ஒரு ரவுண்டு போலாம்மா" என்று கெஞ்சினேன். நீ அணைத்துவிட்டாய். "பிரேக் முடியாத வண்டிய நான் தெருவுல எறக்க மாட்டேன். ஊருக்கெல்லாம் இன்னா சொல்லிக்குடுக்குறேன் நானு?"

அந்த ஒரு ரவுண்டு. அன்றைக்கு நீ ஒத்துக்கொண்டிருந்தால் என்று எத்தனையோ தடவை நினைத்துவிட்டேன்.

பிரேக்கை முடித்தாய். அதற்குள் ஆயுத பூஜை வந்தது. நாம் சர்ச்சுக்குப் போகிறவர்கள்தான். ஆனால் டிரைவிங் ஸ்கூலில் அன்று எந்த வண்டியும் துருவோடு நிற்கக் கூடாது என்பது உன் வழக்கம். நம் காருக்கு மட்டும் எப்படி விடுவாய்? ஒயர்களைக் கழற்றி, போல்ட்டுகளைக் கழற்றி, இரும்புக் குழாய் முழுக்கப் பச்சைப் பெயிண்ட் அடித்தாய். கண்ணுக்குத் தெரியாத மூலைகளிலும் விடவில்லை. காய்ந்தபின் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினாய். பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் வைத்து, சாவியைத் திருப்பினாய்.

டிக். அவ்வளவுதான்.

எலக்ட்ரிக் வேலை பார்க்கும் பாய் வந்தார். பேட்டரி நன்றாக இருக்கிறது என்றார். "செல்ப் போயிருக்குதுமா." இன்ஜினைக் கிளப்பும் அந்தச் செல்ப் மோட்டாரைக் கழற்றிக் காயில் கட்டி வாங்கி வந்து மாட்டினாய். மறுபடியும் டிக். "எங்கியோ சின்னதா ஒண்ணு. நாளைக்குப் பார்த்துக்கலாம்டி," என்று கையைத் துடைத்துக்கொண்டாய்.

மறுநாள் காலை மைதானத்தில் ஒரு பெண்ணுக்கு எட்டு போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாய். தலை வலிக்கிறது என்றாயாம். பிறகு சாய்ந்துவிட்டாய். அந்தப் பெண் பயத்தில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டாள். கார் மட்டும் நின்றுவிட்டது. "மேடம்தான் பிரேக் போட்டாங்க. அப்பவும் போட்டாங்க," என்று அவள் நம் வீட்டில் உட்கார்ந்து அழுதாள். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். அப்பா அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்று வேறு வார்டில் யாருக்கோ கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். அவர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

மார்கழியில் வீட்டுக்காரர் வந்தார். நின்றுகொண்டே பேசினார். "ஆர்டர் நிறைய வந்துக்கினு இருக்குதுபா. இன்னும் ரெண்டு தறி எறக்கணும், எடம் வேணும். தப்பா எடுத்துக்காத." அவர் மேல் தப்பில்லை. காரைச் சனிக்கிழமை காயலான் கடைக்காரர் வந்து எடுத்துக்கொள்வார் என்று அப்பா ஏற்பாடு செய்துவிட்டார்.

நான் கத்தினேன். அப்பாவிடம் நான் அப்படிக் கத்தியதே இல்லை.

"ஓடாத வண்டிய வச்சிக்கினு இன்னா பண்ணுவே பாப்பா? அவளே முடியாதுன்னு விட்டுட்டா."

"அம்மா விடல. செத்துட்டாங்க."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ட்யூட்டிக்குப் போய்விட்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பாமலே சொன்னார். "சனிக்கிழமைக்குள்ள ஸ்டார்ட் ஆச்சுன்னா வாலாஜாபாத்ல பெரியம்மா வீட்ல விட்டுக்கலாம். ஆவலன்னா ஒண்ணும் பேசக் கூடாது."

அந்த வாரம் முழுக்கப் பள்ளி விட்டு வந்து குழிக்குள் இறங்கினேன். முழங்கால் மடக்கி உட்கார்ந்தால் தலைக்கு மேல் உன் பச்சை. புத்தகத்தில் இருந்த ஒவ்வொன்றையும் பார்த்தேன். ஃப்யூஸ் மாற்றினேன். பேட்டரியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் சார்ஜ் ஏற்றி வந்தேன். டிக். ஜெபம் பண்ணினேன். டிக். இயேசுவிடம் நான் கேட்டது பரீட்சையில் மார்க்கோ வேறெதுவுமோ அல்ல, ஒரே ஒரு தடவை அந்தச் சத்தம். உன்னைக் காப்பாற்றத் தெரியாதவரிடம் காரைக் காப்பாற்றச் சொல்கிறேனே என்று கோபம் வந்தது. குழிக்குள்ளேயே வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். மேலே தெருவில் யாரோ பால் பாக்கெட்டுக்குச் சில்லறை கேட்டுக்கொண்டிருந்தார்கள். உலகம் அதுபாட்டுக்கு இருந்தது.

வெள்ளிக்கிழமை பிசிக்ஸ் பிராக்டிகல். என் மீட்டரில் முள் அசையவில்லை. மிஸ் வந்து என் ஒயரை எடுத்து, உப்புத்தாளால் அதன் முனையைத் தேய்த்தார். "மேல பூச்சோட மாட்டுனா கரண்ட் எப்டிமா போவும்?" முள் ஆடியது.

நான் முள்ளைப் பார்க்கவில்லை, அம்மா. பச்சைப் பெயிண்டைப் பார்த்தேன். டிரைவிங் ஸ்கூல் காருக்குத் தகரத்தால் உடம்பு. அதில் எங்கே ஒயரை மாட்டினாலும் கரண்ட் திரும்பிப் போக வழி இருக்கும். நம் காருக்கு ஃபைபர் உடம்பு. திரும்பிப் போகும் வழி அந்த இரும்புக் குழாய் மட்டும்தான். அதை நீ ஒரு இடம் விடாமல் பூசி மூடியிருந்தாய். மிஸ்ஸிடம் அந்த உப்புத்தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை நான் குழியில் இருக்கும்போதே காயலான் கடை டெம்போ வந்துவிட்டது. பேட்டரியிலிருந்து வரும் எர்த் ஒயரின் போல்ட்டைக் கழற்றினேன். அதன் அடியில் பெயிண்ட் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருந்தது. நடுவில் உன் பிரஷ்ஷின் முடி ஒன்று வளைந்து ஒட்டியிருந்தது.

கையை வைக்க முடியவில்லை. உன் கை கடைசியாகச் செய்த வேலை அது. அதைச் சுரண்டினால்தான் வண்டி ஓடும். சுரண்டினால் அது இருக்காது.

"பாப்பா, வெளிய வாமா. வண்டிய ஏத்தணும்," என்றது ஒரு புதுக் குரல்.

"ரெண்டு நிமிஷம் நில்லுபா," என்றார் அப்பா. "கொழந்த உள்ள இருக்குது."

தேய்த்தேன். பச்சைத் தூள் கண்ணில் விழுந்தது. இரும்பு வெள்ளையாக வெளியே வந்தது. இன்ஜினிலிருந்து வரும் ஒயருக்கு அடியிலும் அப்படியே தேய்த்தேன். மாட்டினேன். "நியூட்ரல்ல இருக்குதான்னு பாத்துட்டு சாவிய திருப்புபா," என்றேன் அப்பாவிடம்.

ஒரு இருமல், இன்னொன்று, பிறகு ஓடத் தொடங்கியது. என் தலைக்கு மேல் எல்லாமே நடுங்கியது. நான் குழிக்குள் திரும்பிப் பார்த்தேன், அம்மா. உன்னைப் பார்க்கத்தான். வண்டி ஓடினால் நீ வந்துவிடுவாய் என்று அந்த வாரம் முழுக்க நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. நீ வரவில்லை. அந்த வாரத்திலேயே அதுதான் மோசமான நிமிஷம்.

"ஓடுற வண்டிக்கு எதுக்குபா என்னக் கூப்ட்டே?" என்று திட்டிவிட்டு டெம்போக்காரர் போனார்.

மறுநாள் காரை வாலாஜாபாத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அப்பாவுக்கு லைசென்ஸ் வாங்கித் தந்தது நீதான். உன் மாணவர்களிலேயே மோசமானவர் அவர்தான் என்றும் நீதான் சொல்வாய். அதன்பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. ஏறி உட்கார்ந்தவர் உடனே இறங்கப் பார்த்தார். "என்னால முடியாது பாப்பா. வேற யாரையாவது கூப்ட்டுக்கலாம்." நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நீ சொல்வதைச் சொன்னேன். "பயமா இருந்தா பிரேக்கு மேல கால வை. அமுக்காத. கால் அங்க இருக்குதுன்னு தெரிஞ்சா போதும்." அவர் என்னைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு கிளட்ச்சை விட்டார்.

சின்ன காஞ்சிபுரத்தைத் தாண்டும்போது ஒரு பூக்காரம்மா, "இன்னாபா, டாப்ப வீட்லயே மறந்துட்டியா?" என்று கத்தினார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. நீ போனபிறகு முதல்முறை. ஊர் முடிந்து சாலை நேராகியதும் காற்று முகத்தில் அடித்தது. உனக்கு வேண்டியிருந்த காற்று. என்னால் அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்ள முடியவில்லை. முகத்தைத் திருப்பவும் முடியவில்லை.

திடீரென்று ஒரு மாடு குறுக்கே வந்தது. கார் நின்றது. அப்பாதான் நிறுத்தினார், ஒழுங்காக, சத்தமில்லாமல். மாடு போனபிறகும் வண்டியை எடுக்காமல் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். என் காலைத்தான். என் வலது கால் தரையை முழுப் பலத்தோடு அமுக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பெடல் ஒன்றும் கிடையாது.

இப்போது பின்கட்டில் தறிச் சத்தம் கேட்கிறது. குழிக்குள் வேறொருவர் கால் இருக்கிறது. கார் பெரியம்மா வீட்டில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. ஞாயிறுதோறும் அப்பா போய் ஸ்டார்ட் செய்துவிட்டு வருகிறார். எனக்கு இன்னும் எதுவும் சரியாகவில்லை. பஸ்ஸில் போகும்போது டிரைவர் வேகமாக வளைத்தால் என் கால் தானாகவே அமுக்குகிறது. பக்கத்தில் இருப்பவள் சிரிக்கிறாள். நான் காலை எடுப்பதில்லை.