கழற்றி மாற்றிய குழல்

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் மரக்கறிக் கடைக்காரர் இன்று காலை தன் கடையின் இரும்புக் கதவுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கறிவேப்பிலை மணக்க வேண்டிய வாசலில் அந்த மெல்லிய எண்ணெயின் மணம் மூக்கில் ஏறியதும், வாங்க வந்தது எதுவென்று மறந்து நின்றுவிட்டேன். வால்தம்ஸ்டோவில் ரயில் பாலத்து வளைவுக்குக் கீழே இருந்த நம் துப்பாக்கி சுடும் மன்றத்தின் மணம் அது. நீ இறந்து ஒரு மாரிகாலம் முழுதாகக் கழிந்துவிட்டது. நான் உன்னோடு பேசாமல் விட்டு அதைவிட நெடுங்காலம்.

எண்பதுகளின் நடுவில் அங்கேதான் உன்னை முதலில் கண்டேன். இலக்குத் தாளை நோக்கிக் கைத்துப்பாக்கி சுடும் வெள்ளைக்காரர்களுக்கு நடுவே, காதுக் கவசம் மாட்டிய இன்னொரு தமிழ் முகம். திருடர்களைப் போல ஒருவரையொருவர் பார்த்தோம். நீ கிட்ட வந்து குரலைத் தாழ்த்தி, "நீர் தமிழோ? வீட்டில தெரியுமோ?" என்றாய்.

"வேலை எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."

"நான் கோயில் எண்டு சொன்னனான்" என்று சிரித்தாய்.

வேறு யாரிடம் சொல்வது? ஊரில் சண்டைக்கும் துவக்குக்கும் பயந்து ஓடிவந்த சனம் நாம். அதே சனத்தில் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் விரும்பிப் போய்ச் சுடுகிறார்கள் என்றால் என்ன கதை எழுந்திருக்கும்! உரிமம் தந்த பொலிஸ் நம்மை நம்பியது. நம் சனம் நம்பியிருக்காது. அதனால் அந்த விஷயம் பேச எனக்கு நீ, உனக்கு நான்.

எனக்கு அந்த இடம் ஏன் தேவைப்பட்டது என்று உனக்குத் தெரியும். பொறியியல் பட்டத்தோடு வந்தவன், இன்னொருவன் வரைந்த படங்களைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் வேலை பழகியவர்கள் எனக்கு மேலே போனார்கள். இலக்குத் தாள் மட்டும் முகத்தைப் பார்க்காமல் புள்ளி போட்டது. அதிலும் என் ஓட்டைகள் சிதறியபோது, குறை என்னிடமா துப்பாக்கியிடமா என்று எனக்குத் தெரிந்தே ஆகவேண்டியிருந்தது.

துப்பாக்கியிடம்தான் என்றேன். ஒவ்வொரு சூட்டுக்கும் மேல்மூடி பின்னால் போகிறது. குழல், நீ பரல் என்பாயே அது, சற்று இறங்கி, மறுபடி ஏறிப் பூட்டிக்கொள்கிறது. அது இம்மியும் பிசகாமல் பழைய இடத்திலேயே வந்து நிற்காவிட்டால் அடுத்த குண்டு வேறு வழி போகும். தொழிற்சாலையிலிருந்து வந்த குழலில் ஆட்டம் இருந்தது. போட்டிக்கென்றே கடைந்து, அந்தத் துப்பாக்கிக்கென்றே பொருத்திய குழலில் அது இராது. தேநீர் மேசையில் உனக்குப் படமே கீறிக் காட்டினேன்.

"மச்சான், பரல்ல ஆட்டம் இருக்குத்தான். உன்ர கையில இருக்கிற ஆட்டத்துக்கு முன்னால அது தூசு."

"நீ சுடுற சூட்டுக்கு இந்த பரல் போதும். எனக்குக் காணாது."

"ஓம், படிச்ச கை எல்லோ!"

நான் போட்டிக் குழலை வாங்கினேன். துப்பாக்கி திருத்துபவர் அராவிப் பொருத்திக் கொடுத்தார். என் புள்ளிகள் ஏறின. ஏறியதை உனக்குச் சொல்லாத ஞாயிறு இல்லை. நீ பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருப்பாய்.

பிறகு அந்த ஞாயிறு வந்தது. வாழ்நாளில் நான் அப்படிச் சுட்டதில்லை. ஓட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி, கறுப்பு வட்டத்தின் நடுவையே பிய்த்திருந்தன. செயலாளர் தாளைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "குழல்தான் காரணம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நீ சட்டைப்பையிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாய். என் போட்டிக் குழல். சுடுவதற்கு முன் நான் தேநீர் எடுக்கப் போன இடைவெளியில் அதைக் கழற்றிவிட்டு, என் பெட்டியில் கிடந்த பழையதை மாட்டியிருக்கிறாய். இரண்டும் ஒரே கறுப்பு. நான் கவனிக்கவில்லை.

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவருடைய பற்கள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. அந்தச் சிரிப்புக்கு நடுவே நீ தமிழில் சொன்னாய்: "பரல் இல்லையடா, விசரா. சுட்டது நீ."

செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. மற்றவனுடைய துப்பாக்கியை அவன் அறியாமல் கழற்றுவது அங்கே பெரிய குற்றம். என்னைத் தனியே கூப்பிட்டு, ஒரு வார்த்தை முறையிட்டால் உன்னை நீக்கிவிடலாம் என்றார். நான் முறையிடவில்லை. உன்னோடும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு தாள் எதையும் நிரூபிக்காது. துப்பாக்கியை இயந்திரப் பிடியில் இறுக்கி, இரண்டு குழல்களையும் மாறி மாறிச் சுட்டுப் பார்க்க வேண்டும். கையின் குறையும் நிறையும் அதில் சேராது. செய்து பார்ப்போம் என்று நீ ஆளனுப்பினாய். நான் பதில் அனுப்பவில்லை.

ஸ்கொட்லாந்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சுடப்பட்டுச் செத்த பிறகு கைத்துப்பாக்கிகளைத் தடுக்கும் சட்டம் வந்தது. எனக்குக் கோபமில்லாத சில விஷயங்களில் அந்தச் சட்டமும் ஒன்று. துப்பாக்கிகளை ஒப்படைக்கப் பொலிஸ் நிலையத்தில் வரிசை. எனக்கு முன்னால் நீ. உன் முறை முடிந்ததும் போகாமல் என் பக்கத்தில் வந்து நின்றாய். காவலர் என் போட்டிக் குழலைத் தனிப் பையில் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"இனி பரல் வழக்கை எப்பிடி மச்சான் தீர்க்கிறது?" என்றாய்.

நான் காவலர் நீட்டிய ரசீதில் கையெழுத்துப் போட்டேன். நீ போய்விட்டாய்.

உன் செத்தவீட்டில் பலர் பேசினார்கள். ஒருவருக்கும் உன்னைத் தெரியவில்லை. அப்பாவுக்கு வேலையையும் கோயிலையும் தவிர ஒன்றும் தெரியாது என்றான் உன் மகன். வெளியே கைகொடுத்தபோது, "அங்கிள், அப்பாவை எப்பிடித் தெரியும்?" என்று கேட்டான். கோயிலில் பழக்கம் என்றேன்.

குழல் முக்கியம்தான். இன்றைக்கும் அதுதான் என் கட்சி. ஆனால் கை நல்லதாக இருக்கிறவனுக்குத்தான் அது முக்கியம். மற்றவனுக்கு எந்தக் குழலும் ஒன்று. என் கை நல்லது என்று இந்த நாட்டில் என்னிடம் சொன்னவன் நீ ஒருவன்தான். அதைத் தனியே சொல்லியிருக்கலாம். நாலு பேரைச் சிரிக்க வைத்துச் சொன்னாய். அந்தச் சிரிப்பை எறிந்துவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ள எனக்கு ஏலவில்லை. முன்பெல்லாம் கல்யாண வீடுகளில் உன்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். என் கோபத்துக்கு அப்படியொரு வேலையாவது இருந்தது. இப்போது அதை வைத்துக்கொண்டு தனியே இருக்கிறேன்.