ஏழாம் எண் முளை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன், வீட்டில்தான் இருக்கிறேன், இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், ஏன் என்று போகப்போகத் தெரியும். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியம்தானே, குழந்தைக்கு இருமல் விட்டதா, மின்விசிறியை நேராக அதன் முகத்தில் திருப்பாதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், கேட்டால்தானே. இது போனில் சொல்ல வேண்டிய விஷயம்தான், ஆனால் போனில் நீ சரிம்மா சரிம்மா என்று இரண்டு நிமிஷத்தில் கத்தரித்துவிடுவாய், கடிதம் என்றால் கடைசி வரி வரைக்கும் படித்தே ஆக வேண்டும்.

மேட்டு நிலத்தில் காற்றாலை வரப்போகிறது என்று போன வருஷமே சொன்னேன் இல்லையா, மொத்தம் இருபத்திரண்டு கோபுரம், அது இப்போது நிஜமாகவே வருகிறது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது, கரண்ட் எல்லாருக்கும் வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன்னால் தைத்த பள்ளிச் சீருடைகளைக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால், கொல்லையில் மூன்று காலில் ஒரு பெட்டி நிற்கிறது, தலையில் கறுப்பாக ஒரு பஞ்சு உருண்டை, ஒலி பதிவாகிறது தொடாதீர்கள் என்று ஒரு அட்டை. கோபுரம் வருவதற்கு முன் இங்கே எவ்வளவு சத்தம் இருக்கிறது என்று அளக்கிறார்களாம், எதிர்வீட்டு வாத்தியார் சொன்னார். சிரிக்காதே, நான் அதோடு பேச ஆரம்பித்துவிட்டேன். துணி காயப்போடும்போது, பாத்திரம் கழுவும்போது, எல்லாம் உன்னைப் பற்றித்தான், சின்ன வயதில் நீ என் ஊசி டப்பாவை எங்கெங்கே ஒளித்துவைத்தாய் என்பது வரைக்கும். யாரோ ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து இதையெல்லாம் கேட்கப்போகிறார் என்று நினைத்தால் வாய் நிற்கவே இல்லை. பதினைந்து நாள் கழித்து நான் கடைக்குப் போன நேரத்தில் எடுத்துப் போய்விட்டார்கள், வைத்தவரையும் பார்க்கவில்லை, எடுத்தவரையும் பார்க்கவில்லை, புல்லில் மூன்று குழி மட்டும் இருந்தது.

போன மாதம் கருத்துக் கேட்புக் கூட்டம், பள்ளிக்கூட ஹாலில், பட்டப்பகலில், நாற்காலி போதாமல் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தோம். சுவர் முழுக்க வரைபடம், ஒவ்வொரு வீட்டின் மேலும் ஒரு சிவப்புப் புள்ளி. வாத்தியார் வீட்டுக்கு உண்டு, பால்காரர் வீட்டுக்கு உண்டு, அவருடைய மாட்டுக் கொட்டகைக்குக்கூடத் தவறுதலாக ஒன்று வைத்திருந்தார்கள். நம் வீட்டின் மேல் ஒன்றுமில்லை, சாம்பல் நிறத்தில் வெறும் கட்டம். பக்கத்தில் படங்கள், கோபுரம் வந்த பிறகு ஒவ்வொரு வீடும் எப்படித் தெரியும் என்று. நம் வீட்டுப் படத்தைத் தேடிப் பிடித்துக் கிட்டப் போய்ப் பார்த்தேன். அதை எடுத்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறதடி, சாலையில் ஒருவர் காமிராவோடு நின்றார், நான் கொடியில் பூப்போட்ட போர்வையை உதறிக்கொண்டிருந்தேன், அவரைப் பார்த்துக் கைகூட ஆட்டினேன். படத்தில் கொடி இருக்கிறது, போர்வை இல்லை, நான் இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஏழாம் எண் கோபுரம் வானத்தை முட்டிக்கொண்டு நிற்கிறது. நான் நின்ற இடத்தில் புல் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பெரிய கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர், மரியாதையாகத்தான் பேசினார். படத்துல ஆளுங்க விழுந்தா அழிச்சிடுவோம்மா, எல்லா ஊர்லயும் அப்படித்தான் என்றார். சரி, சத்தத்தைப் பிடித்தீர்களே, அதைக் காட்டுங்கள் என்றேன். நம் வீட்டுக்கென்று ஒரு பக்கம் இருந்தது. காற்று, பறவை, தூரத்தில் வண்டி. மனிதக் குரல் என்று போட்ட இடத்தில் ஒரு சின்னக் கோடு. பதினைந்து நாள் தொண்டை வறளப் பேசியிருக்கிறேன், தையல் மெஷினை மிதித்திருக்கிறேன், கடைசியில் ஒரு கோடு. ஆளில்லாத வீட்டுல கேக்குற குரல் வழியில போறவங்களோடதாத்தான் இருக்கும், அதைக் கழிச்சிட்டுத்தான் அளவு எடுப்போம் என்றார். யாருய்யா ஆளில்லாத வீடு, நான் குத்துக்கல்லாட்டம் உம் முன்னாலயே நிக்கிறேனே என்று கத்திவிட்டேன். வாத்தியார் எழுந்து, சார் முப்பது வருஷமா இவங்க எனக்கு எதிர்வீடு என்றார். வாய்வார்த்தை பத்தாது சார் என்று சொல்லிவிட்டு அதிகாரி என் தோளுக்கு மேலாகப் பின்னால் இருந்தவரைப் பார்த்துத் தலையாட்டினார், அந்த ஆளும் என் மேல் இடித்துக்கொண்டு முன்னால் வந்தார். வீட்டுக்கு வந்து கையைக் கிள்ளிப் பார்த்தேன், வலித்தது.

விஷயம் என்னவென்றால், ஆள் இருக்கும் வீட்டிலிருந்து ஐந்நூறு மீட்டர் தள்ளித்தான் கோபுரம் நிறுத்தலாமாம், சிவப்புப் புள்ளி இல்லாத காலி வீட்டுக்கு அந்த விதி கிடையாதாம். நம் வேலிக்கு அந்தப்புறம் சிவப்பு நாடா கட்டி ஒரு முளை அடித்துவிட்டார்கள், அதில் ஏழு என்று எழுதியிருக்கிறது. கொல்லை வாசலிலிருந்து நூற்று நாற்பது தப்படி, நானே நடந்து எண்ணினேன். அது சுற்ற ஆரம்பித்தால் இந்த வீட்டில் எப்படி இருப்பது, இதை விட்டால் எனக்குப் போக்கிடம் ஏது.

நேற்று அவர்கள் அலுவலகத்துக்கே போனேன். குமாஸ்தா கோப்பை எடுத்து என் பக்கம் திருப்பிக் காட்டினார். வீட்டு உரிமையாளர் எழுதித் தந்த தாளாம். இந்த வீட்டில் யாராவது நிரந்தரமாகக் குடியிருக்கிறார்களா என்ற கேள்விக்கு இல்லை என்ற கட்டத்தில் டிக். கீழே உன் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலைச் சுழித்து மேலே கொண்டுபோய் இரண்டு புள்ளி வைப்பாயே, அதேதான். பழைய நோட்டில் எழுதி எழுதிப் பார்த்து எந்த வால் அழகு என்று என்னைத்தானே கேட்டாய். உரிமையாளரே மாத்தி எழுதிக் குடுத்தா முளையை எடுத்துடலாம், இருபத்தெட்டாம் தேதிக்குள்ள, ஆமா நீங்க யாரும்மா என்றார். அவளுடைய அம்மா என்றேன். பத்திரத்துல உங்க பேரு எங்கயும் இல்லையேம்மா என்றார். அப்பா போன பிறகு வீட்டை உன் பெயருக்கு எழுதியது நான்தானே, அதில் என் பெயர் எப்படி இருக்கும்.

திரும்பி வந்தபோது உச்சி வெயில், கேட்டைத் தொட்டேன், உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம். பூட்டிய வீடு. என் மிதிதான், நீளமாக ஓட்டி, நிறுத்தி, நூலைக் கடித்துவிட்டு மறுபடி ஓட்டுகிற அதே மிதி. ஒரு நிமிஷம், நான் உள்ளே இருக்கிறேன், அப்படியென்றால் வெளியே நிற்பது யார் என்று தோன்றிவிட்டது. சாவி போட்டதும் நின்றது. உள்ளே யாரும் இல்லை, ஜன்னல் திறந்திருந்தது, சக்கரம் மெதுவாகச் சுற்றி ஓய்ந்தது. காற்றாகத்தான் இருக்கும். பாதியில் விட்டுப் போன சட்டைக் கை முழுதாகத் தைத்திருந்தது, காலையில் நானே முடித்துவிட்டு மறந்திருப்பேன்.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன், பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. கோபம் இருக்கிறது, அழுதேன்கூட. வேலை அவசரத்தில் சரியாகப் படிக்காமல் டிக் போட்டிருப்பாய். இல்லையென்றால் என்னை அங்கே அழைத்துக்கொள்ளப் போகிறோம், காலியாகப்போகிற வீடுதானே என்று நினைத்திருப்பாய். எதுவானாலும் ஏன் என்று கேட்க மாட்டேன். அந்த வீட்டில் என் அம்மா இருக்கிறாள் என்று ஒரே ஒரு வரி எழுதி, அதே சுழித்த வாலோடு கையெழுத்துப் போட்டு அனுப்பு.

நீ, மாப்பிள்ளை, குழந்தை எல்லாரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அது என் வயிற்றிலிருந்து வருகிற வாழ்த்து. வேளைக்குச் சாப்பிடு. இருபத்தெட்டாம் தேதி, மறந்துவிடாதே. அனுப்பியதும் வீட்டு நம்பருக்கு போன் செய், மெஷின் சத்தத்தில் எனக்குக் காதில் விழாமல் போனாலும் விடாமல் அடித்துக்கொண்டே இரு. எடுத்ததும் சரிம்மா என்று வைத்துவிடாதே. கொஞ்ச நேரம் பேசவிட்டுக் கேள், நான்தானா என்று.

இப்படிக்கு,
வீட்டிலிருந்து,
உன் அம்மா