பாறைக்கு மேல் ஓரடி

பௌர்ணமிக்கு முந்தைய இரவு.

அடி அண்ணாமலைப் பூங்காவில் குழந்தைகள் ஏறி விளையாடும் கம்பிக்கூண்டு நான் வடிவமைத்தது. அதன் கால்கள் மண்ணில் மூன்றடி இறங்க வேண்டும். ஓரடிதான் இறங்கியிருக்கின்றன. மேஸ்திரியே இன்று சொன்னார்.

“பாறை வந்துட்டுச்சு மேடம். உங்க டிராயிங்ல அது இல்லையே. மலையோட பாறை, அதுவும் சாமிதான். அதுல துளை போடுவாங்களா? பைப்பை அறுத்துட்டு காங்கிரீட்டை ஜாஸ்தியா போட்டுட்டேன். ஆட்டிப் பாருங்க.”

ஆட்டினேன். அசையவில்லை. நான் ஒருத்தி. இருபது பிள்ளைகள் ஒரே பக்கம் தொங்கினால் சாய்ந்துவிடும்.

விழா ஏற்பாட்டைப் பார்க்கப் பூங்காவுக்கு வந்திருந்த அதிகாரியிடம் சொன்னேன். “நாளைக்குக் கிரிவலக் கூட்டத்துல திறப்பு விழா, இப்ப வந்து சொல்றீங்களே?” என்றபடி பாதுகாப்புச் சான்றிதழை நீட்டினார். கையெழுத்திட்டேன்.

பூங்காவை விட்டு வெளியே வந்தபோது வேலியோரம் நின்ற சிறுமி கேட்டாள்: “அக்கா, நாளைக்கு எத்தினி மணிக்குத் தொறப்பீங்க?”

ஒன்பது மணி என்றேன்.