பின்னிருக்கையில் பேசாதவள்

பிப்ரவரி 6

மன்னிக்க வேண்டும். விமான நடைமுறைகளை எழுதி மனப்பாடம் செய்யக் கொடுத்த நோட்டு இது. இதில் போய்ப் புலம்புகிறேன்.

நாளைக்குள் விருப்பச் சீட்டு கொடுக்க வேண்டும். விமானத்தில் பின்னால் உட்கார்ந்து வழி சொல்லும் கடற்படை அதிகாரி ஆவதற்கான முதல் பயிற்சி எனக்கு. சேவல் அணியா, நாரை அணியா?

சேவல்: மூன்று வாரம் காத்திருந்தால் போதும். ஆசிரியர்கள் கத்துவார்கள்.

நாரை: இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். யாரும் குரல் உயர்த்துவதில்லை.

“கத்துனா காது வலிக்கும், அவ்ளோதான். சேவலுக்கு வாடி,” என்கிறாள் அறைத்தோழி கெசியா. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அங்கேயும் யாராவது சத்தமாகக் கேட்டால், தெரிந்த பதிலும் தொண்டையில் நின்றுவிடும். நாரை என்று எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 15

ஒருவழியாக முதல் பறப்பு. முன்னிருக்கையில் கமாண்டர் ஹால்டர்சன். தங்கமான மனிதர். இந்த அணியில் ஒரு வழக்கம் உண்டு: பின்னாலிருந்து மாணவர் சொல்வதை மட்டும்தான் செய்வார்கள். சொல்லாவிட்டால் விமானம் நேராகப் போய்க்கொண்டே இருக்கும்.

ஏப்ரல் 23

ஆற்றுப் பாலத்தில் திரும்ப வேண்டும். பாலத்தைப் பார்த்துவிட்டேன். ‘இடது, நாற்பத்தைந்து டிகிரி’ — வாயில்தான் இருந்தது. இன்னொரு முறை சரிபார்த்துக்கொள்ளலாமே என்று வரைபடத்தைப் பார்த்தேன். பாலம் இறக்கைக்கு அடியில் போய்விட்டது. மூன்று நிமிடம் கழித்துக் கேட்டார்.

“வெர்டின், பாலத்தப் பாத்தீங்களா?”

“பாத்தேன், சார்.”

“அப்புறம்?”

அப்புறம் என்ன? தோல்வி.

ஏப்ரல் 24

வாந்தி இல்லை, தலைசுற்றல் இல்லை. சொல்லிக்கொள்ள ஒரு காரணம்கூட இல்லை.

மே 2

சாப்பாட்டுக் கூடத்தில் கெசியா. “‘பின்னால என்ன பொணத்தயா ஏத்திட்டு வந்திருக்கேன்’னு கத்துனாருடி அந்தாளு. கடுப்புல நானும் கத்திட்டேன். இப்ப அவரு ‘போதும், வாய மூடு’ங்கிறாரு.”

சிரித்தேன். தட்டில் இருந்ததைத் தொட முடியவில்லை.

“நீயும் மாத்திக் கேளேன்டி.”

யாரிடம் கேட்பது? எப்படி ஆரம்பிப்பது?

அப்பா எங்கள் ஊர் ஹூமாவிலிருந்து போன் செய்தார். இறால் படகில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம். “மேல இருந்து பாத்தா நம்ம படகு தெரியுமாம்மா?” தெரியும் என்றேன். அந்தப் பக்கம் நான் பறந்ததே இல்லை.

மே 9

இருக்க வேண்டிய உயரத்துக்கு ஐந்நூறு அடி கீழே விமானம் இறங்கியிருந்தது. உயரமானியின் முள்ளைப் பார்த்தேன். முழங்காலில் கட்டிய அட்டையில் ‘500 அடி தாழ்வு’ என்று எழுதினேன். எழுதினேன்! ஏன்டி சொல்லல? எழுதுன கைக்குப் பக்கத்துலதானே மைக் பொத்தான் இருந்துச்சு?

இறங்கியதும் ஹால்டர்சன் அட்டையை வாங்கிப் பார்த்தார். திட்டவில்லை. இரண்டாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். திட்டியிருக்கலாம்.

மே 14

மூன்றாவது தோல்வியும் ஆயிற்று; மூன்றானால் விசாரணைக் குழு. எழுத ஒன்றும் இல்லை.

மே 20

விசாரணைக் குழு. மூன்று பேர், எட்டு நிமிடம்.

“ஏதாவது சொல்லணுமா, வெர்டின்?”

சேவல் அணிக்கு மாற்றுங்கள், ஒரே ஒரு வாய்ப்பு — நேற்று முழுக்கக் கண்ணாடி முன் நின்று பழகியது.

“இல்ல, சார்.”

ஜூன் 3

நீக்கிவிட்டார்கள். காகிதம் வரும்வரை நாரை அணியின் வரவேற்பு மேசையில் வேலை. போன் எடுக்க வேண்டும். பேசாதவளுக்குக் கொடுத்த வேலையைப் பார்!

புதிதாக வந்த ஒருவன் மேசையில் சாய்ந்து கேட்டான்: “மேடம், ரெண்டுல எது நல்ல அணி?”

“கத்துற இடத்துக்குப் போங்க.”

“இங்க ரொம்ப மரியாதையாமே?”

“ஆமா. ரொம்ப.”

நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனான். சீட்டில் நாரை என்றுதான் எழுதியிருந்தான்.

ஜூன் 11

வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன். அப்பாவிடம் சொல்லியாயிற்று. “சரிம்மா” என்றார். பிறகு எத்தனை மணிக்கு வந்து சேருவேன் என்று கேட்டார்.

ஹால்டர்சன் கையெழுத்துப் போட வந்தார். “நல்லா இருங்க, வெர்டின்” என்று தொப்பியை எடுத்துக்கொண்டார். கதவுவரை போய்விட்டார். நீக்கப்பட்டவள் மறுபடி பறக்க விதியில் இடமில்லை என்று எனக்கே தெரியும்.

“சார்!”

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

“ஒரே ஒரு தடவ பின்னால ஏத்திட்டுப் போங்க, சார். மதிப்பெண் எல்லாம் வேண்டாம். வழி முழுக்க நான் சொல்றேன்.”