கஞ்சித் துணிக் கட்டு

ஆட்டையாம்பட்டி,
வெகுதானிய வருடம், தை மாதம் 10

சென்னைப் பட்டணத்தில் டிரில் வாத்தியார் படிப்புப் படித்துவரும் என் வீட்டுக்காரர் அவர்களுக்குப் பெரியநாயகி வணக்கம் சொல்லி எழுதுவது. இவ்விடம் மாமா, அத்தை, நான் மூவரும் க்ஷேமம். உங்கள் தம்பி மணியனை அந்தக் கணக்கில் சேர்க்க முடியவில்லை. பயந்துவிடாதீர்கள், உயிருக்கு ஒன்றுமில்லை, கால்தான். நின்றபடி படிக்காமல் உட்கார்ந்து முழுவதும் படியுங்கள்.

தை மூன்றாம் தேதி மேலத்தெருக் கட்சியோடு சடுகுடு நடந்தது. மார்கழியில் நீங்கள் எழுதிய யோசனைகளையெல்லாம் மணியன் மனப்பாடம் பண்ணிவைத்திருந்தான். நகத்தை ஒட்ட வெட்டினான். கடுக்கனைக் கழற்றி அத்தையிடம் கொடுத்தான். ஆட்டத்துக்கு முன் களத்தைச் சுற்றி மெதுவாக நாலு சுற்று ஓடி, கை கால்களை உதறி உடம்பைச் சூடேற்றிக்கொண்டான். மேலத்தெருக்காரர்கள், "சடுகுடு ஆட வந்தானா, சாமியாட வந்தானா" என்று சிரித்தார்கள். அவன் கண்டுகொள்ளவில்லை. களத்தில் கல் கிடக்கக் கூடாது என்று எழுதியிருந்தீர்களே, அன்று காலையிலேயே போய் இரண்டு கூடை கல் பொறுக்கினான். ஆனால் தன் கட்சி நிற்கும் பாதியில் மட்டும் பொறுக்கினான். எதிரிக்கு நாம் எதற்கு ஊழியம் செய்வது என்று நினைத்தானாம். பாடிக்கொண்டு போகிறவன் எதிரியின் பாதியில்தானே ஓட வேண்டும்? பத்து வருஷமாக ஆடுகிற அந்த மகராசனுக்கு அது தோன்றவில்லை.

மூன்றாம் முறை பாடிப் போனவன், திரும்பும்போது ஒரு கல்லின்மேல் வலது காலை வைத்தான். கணுக்கால் மடங்கியது. அதே சமயம் இரண்டு பேர் மேலே விழுந்து பிடித்தார்கள். உடனே காலை இழுத்து உருவிவிட நாலு பேர் வந்தார்கள். பெண்கள் பக்கம் நின்றிருந்த நான், உருவக் கூடாது என்று அத்தையைவிட்டுச் சொல்லவைத்தேன். அன்றைக்கு எல்லாம் நீங்கள் எழுதியபடியே நடந்தது. தூக்கிக்கொண்டு வந்து படுக்கவைத்து, காலுக்கடியில் தலையணை கொடுத்து, கிணற்றுத் தண்ணீரில் துணியை நனைத்து நனைத்துப் போட்டேன்.

மறுநாளும் வீக்கம் வடியவில்லை. மாமாவுக்குப் பொறுக்கவில்லை. அவருக்குக் கண் மங்கியதிலிருந்து நம் வீட்டில் தறிக்குழியில் இறங்குகிறவன் மணியன் ஒருவன்தான். அவன் மிதித்தால்தான் தறி ஓடும், தறி ஓடினால்தான் நீங்கள் அங்கே படிக்க முடியும். ஈரத்துணியை நம்பிக் காலை விட முடியாது என்று சொல்லி, வேட்டியைக் கிழித்து, தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியில் நனைத்து அவரே கட்டுப் போட்டார். கஞ்சித் துணி காய்ந்தால் மரப்பட்டை மாதிரி நிற்கும், கால் அசையாது என்பது அவர் எண்ணம். எண்ணம் நல்லதுதான். ஆனால் அறுபது வயது வரைக்கும் பாவு நூலை இழுத்துக் கட்டின கை அது, தொய்வு என்பதே அதற்குப் பிடிக்காது. கட்டிய காலை வெயிலில் நீட்டவைத்துக் காயவும் போட்டார். மேலே துணி காய்ந்து இறுகியது, உள்ளே வீக்கம் ஏறியது.

மத்தியானம் மணியன், காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றான். சாயங்காலம், "அண்ணி, வலி சுத்தமா நின்னு போச்சுங்க" என்று சிரித்தான். அத்தை கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு மட்டும் சந்தேகம் தட்டியது. நூல் இழைக்கும்போது விரலில் நூல் சுற்றிக்கொண்டால் முதலில் வலிக்கும், அப்புறம் மரத்து நீலமாகிவிடும், பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? போய்ப் பார்த்தேன். ஐந்து விரலும் நீலம், தொட்டால் சில்லென்றிருந்தன. நகத்தை அழுத்தி விட்டேன், வெளுத்த இடம் சிவக்கவே இல்லை.

கட்டை அவிழ்த்துவிடலாம் என்று மாமாவிடம் சொன்னேன். "மூணு நாளைக்குத் தொடப்படாது சாமி, எலும்பு வெலகிப் போயிரும்" என்றார். மறுபடியும் விரலைக் காட்டிச் சொன்னேன். அவர் திரும்பியே பார்க்கவில்லை.

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். உங்கள் மார்கழிக் கடிதத்தை எடுத்து வந்து, முன்னே விட்டுப்போன ஒரு வரி இருக்கிறது என்று சொல்லி அவருக்குப் படித்தேன். "கட்டுக்குக் கீழே விரல் நீலமானாலோ, குளிர்ந்தாலோ, மரத்துப்போனாலோ, யார் கட்டிய கட்டானாலும் அந்த நிமிஷமே அவிழ்க்க வேண்டும்." நீங்கள் அப்படி எழுதவே இல்லை. மாமா மறுபடி படிக்கச் சொன்னார். பதற்றத்தில் 'யார் கட்டிய கட்டானாலும்' என்பதை விட்டுவிட்டேன். அது எங்கே போச்சு என்று கேட்டார். கண் தாண்டிவிட்டது என்று சமாளித்தேன். எழுந்துபோய்க் கத்தியை அவரே கொண்டுவந்தார்.

வெந்நீர் ஊற்றி ஊறவைத்து அறுத்தோம். ரத்தம் ஓடத் தொடங்கியதும் மணியன் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

மறுநாள் வண்டி கட்டிச் சேலத்துக்குக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டினோம். எலும்பு முறியவில்லை, ஜவ்வு கிழிந்திருக்கிறது, அந்தக் கட்டு விடியும் வரை இருந்திருந்தால் பாதத்தையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார். ஆறு வாரத்துக்குத் தறியின் மிதிகட்டையில் கால் வைக்கக் கூடாதாம். சுண்டுவிரலில் மட்டும் இன்னும் உணர்ச்சி திரும்பவில்லை. அதற்கு ஏதாவது செய்யலாமா என்று உங்கள் பெரிய வாத்தியாரைக் கேட்டு எழுதுங்கள். ஆறு வாரமும் தறியில் நான் இறங்குகிறேன். நீங்கள் படிப்பை விட்டுவிட்டு ஓடிவர வேண்டாம்.

மாமா சரியாகச் சாப்பிடுவதில்லை. மணியன் காலடியிலேயே உட்கார்ந்து விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். வருகிறவர்களிடமெல்லாம், "பெரியவன் பட்டணத்துல இருந்து எழுதித்தானுங்க இவன் காலு மிஞ்சுச்சு" என்கிறார். அந்தக் கடிதத்தை மடியிலேயே முடிந்து வைத்திருக்கிறார். தைப்பூசத்தன்று ஆடுகிற பிள்ளைகளையெல்லாம் கூட்டி, பெரியசாமி வாத்தியாரை விட்டு உரக்கப் படிக்கவைக்கப் போகிறாராம். அதன் மூன்றாம் பக்கத்தில் எனக்கென்று என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். அதை வாத்தியார் படித்தால் நான் வெளியே தலைகாட்ட முடியாது.

ஆகையால் மார்கழித் தேதி போட்டு வேறு கடிதம் ஒன்று உடனே எழுதி அனுப்புங்கள். மூன்றாம் பக்கம் வேண்டாம். நான் சொன்ன வரியை ஒரு எழுத்து மாறாமல் சேர்த்துவிடுங்கள். எப்படியாவது மாற்றிவைத்துவிடுகிறேன்.

மாமாமேல் எனக்கு வருத்தமில்லை என்று எழுத நினைத்தேன், ஆனால் இருக்கிறது. கண்ணெதிரே இருந்த விரலைக் காட்டி நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை, இருநூறு மைலுக்கு அப்பால் இருக்கிற உங்கள் பேரைச் சொன்னதும் கத்தி வந்தது. போகட்டும், மணியன் கால் பிழைத்தது. ஊருக்கு அது உங்கள் வரியாகவே இருக்கட்டும். எழுதும்போது மட்டும், இது பெரியநாயகி சொன்னது என்று நீங்கள் ஒருவராவது நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

செங்கோட்டு வேலவர் உங்களுக்குத் துணையிருப்பார்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
பெரியநாயகி