பெயர் எழுதாத படிவம்

நம் பெரியவளின் அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

போன வாரம் எங்கள் விடுதிக்கு ஓர் ஆராய்ச்சிக்கார அம்மாள் வந்தார். வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்களின் மனக்கஷ்டம், அந்தரங்க நோய் பற்றியெல்லாம் கேட்கும் படிவம் கொடுத்தார். பெயர் வேண்டாமாம். ஆனால் மூலையில் ஓர் எண் இருந்தது. அது மேனேஜருக்குப் போகும், நோயென்று தெரிந்தால் வேலை போய்விடும் என்று எனக்குச் சந்தேகம். அறையில் ஆறு பேரையும் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றே போட வைத்தேன்.

நேற்று, தேவையுள்ள அறைகளுக்கு மட்டும் மருத்துவர் வருவார் என்றார்கள். எங்கள் அறைக்கு இல்லை. கீழ்க்கட்டில் பெயிண்டருக்கு முகம் செத்துப்போனது.

"அண்ணே, ஒரு மாசமா எனக்கு அந்த எடத்துல புண்ணு."

"முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"யாரையும் நம்பாத ஆளு நீங்க. உங்கள நம்பி எப்படிச் சொல்றது?"

நான் செய்தது தப்பென்று இன்னும் சொல்ல மாட்டேன். அந்த எண்ணையும் நம்பவில்லை. அதனால் வேறு படிவம் வாங்கி, அவன் நோயை என் நோயாக எழுதிக் கொடுத்தேன். எங்கள் அறைக்கும் மருத்துவர் நாளை வருகிறார்; அவனும் காட்டிக்கொள்வான்.

என்னைப் பற்றி யாராவது அசிங்கமாகச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. 'மனம்விட்டுப் பேச யார் உண்டு?' என்ற கேள்விக்கு மட்டும் உண்மையாக, மனைவி என்று எழுதினேன்.

போனில் பேசினால் அறையே கேட்கிறது. என்னை நம்புகிறாய் என்று ஒரு வரி எழுதிப் போடு. வேலைக்கு வண்டி வந்துவிட்டது.