ஜில்லென்று இருந்த குழாய்

அன்பிலும் அதட்டலிலும் குறை வைக்காத அக்காவுக்கு,

கார் உலகின் சக்கரவர்த்தியும் உன் ஒரே தம்பியுமாகிய நான் விழுந்து வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? அத்தானுக்கு இருமல் நின்றதா? மாமா இங்கே ஓர் எரிமலையை வெறுங்கையால் அடக்கினார் என்று மருமகளிடம் சொல்.

நடந்தது இதுதான். பட்டறைக்கு வந்த ஒரு காரின் ரேடியேட்டர் தண்ணீரை வடித்து, உள்ளே இருக்கும் துருவைக் கழுவ வேண்டும். இன்ஜின் ஆறிவிட்டதா என்று நான் எப்போதும் இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குக் கொதிநீர் போகும் மேல் குழாயைத் தொட்டுத்தான் பார்ப்பேன்.

"என்னய்யா, ஆறிடுச்சா?" என்றார் மேஸ்திரி.

"ஐஸ்கட்டி தோத்துடும்ண்ணே!" என்று தண்ணீர் ஊற்றும் மூடியைத் திருகினேன். குழாயைத் துரு அடைத்திருந்ததால் கொதிநீர் அதற்குள் வரவேயில்லை. எல்லாம் இன்ஜின்மேல் இருந்த அந்த மூடிக்கடியில் காத்திருந்தது. ஆவி கூரையைத் தொட்டு, நிலாவுக்கும் கொஞ்சம் போயிருக்கும். மிச்சம் என் வலது கையில்.

பயப்படாதே. இது இடது கை எழுத்து; பழையதைவிட அழகு என்று நீயே சொல்வாய். இன்று கட்டுப் பிரிக்கிறார்கள். விரல்கள் மடங்கி ஸ்பேனரைப் பிடித்தால்தான் வேலை என்று முதலாளி சொல்லிவிட்டார். ஒற்றைக் கையால் பட்டன் போட வரவில்லை. பக்கத்துக் கட்டில்காரரிடம் தினமும் நெஞ்சை நீட்டிக்கொண்டு நிற்கக் கூச்சமாக இருக்கிறது. இரண்டு சட்டைக்கு மட்டும் பிரஸ் பட்டன் தைத்து அனுப்பு.

டாக்டர் கூப்பிடுகிறார்.

வந்துவிட்டேன். தபால் எடுக்க ஆள் நிற்கிறார், அவசரம். இரண்டு போதாது அக்கா, என் சட்டை எல்லாவற்றுக்கும் தைத்து வை. அனுப்ப வேண்டாம், நானே வந்து போட்டுக்கொள்கிறேன்.

உன் தம்பி